விளக்குமாற்றைப் பிடுங்கி வைத்த வெள்ளிக்கிழமை

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
12.10.1992, திங்கட்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான தங்கை நேசம்மாவுக்கு,

உன் அக்கா மார்க்கிரட் அன்போடு நலம் கேட்டு எழுதுவது. தேவ கிருபையால் நானும் உன் அத்தான் லெஸ்லியும் சுகமாக இருக்கிறோம். அவருக்கு முழங்காலில் வலி, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. காப்பாரில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஆரோக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் நீ கொடுத்தனுப்பிய கருவாடு பத்திரமாக வந்து சேர்ந்தது. பாதியை நாங்கள் வறுத்தோம், பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். வாசம் மட்டும் முழுவதும் எங்களோடுதான் இருக்கிறது.

நிற்க. போன வெள்ளிக்கிழமை எங்கள் சபை மண்டபத்தில் நான் குணபூசணி டீச்சரின் கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்கினேன். நீ சரியாகத்தான் படித்திருக்கிறாய், மறுபடி படிக்க வேண்டாம். இந்தச் சங்கதியை வேறு யாராவது உனக்குக் கூட்டியோ குறைத்தோ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் காலையில் பாத்திரம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டீச்சரை நீ என் மகள் கல்யாணத்தில் பார்த்திருக்கிறாய். முன்வரிசையில் உட்கார்ந்து, பாடகர் குழுவுக்குத் தாளம் தப்புகிறது என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தாரே, அவர்தான். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பதினோரு வருடமாக எங்கள் மாதர் சங்கத் தலைவி. யாழ்ப்பாணத்து வழி என்பதால் எல்லாரையும் நீர், உமக்கு என்றுதான் பேசுவார். அவர் அப்படி ஒரு பார்வை பார்த்தால் போதகரே சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார். நான் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தெட்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டன்ட். தரை துடைத்து, படுக்கை மாற்றி, யாரும் தொட மாட்டேன் என்பதையெல்லாம் தொட்டு எடுத்து, ஓய்வு பெற்றேன். சங்கத்தில் கணக்கு எழுத ஒருவர் இருக்கிறார், கடிதம் எழுத ஒருவர் இருக்கிறார், ஜெபத்தை நீளமாகச் சொல்ல மூன்று பேர் இருக்கிறார்கள். நான் சேர்ந்தபோது மிச்சமிருந்தது தேநீர்க் கோப்பை கழுவுகிற வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் இருநூற்றைம்பது பேருக்கு மண்டபத்தில் சாப்பாடு. ஆகஸ்டு மாதத்தில் மேல்கூரை ஒழுகுகிறது என்று மண்டபத்துச் சமையலறையைப் பூட்டிவிட்டார்கள், அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தட்டு, குண்டான், மேசைவிரிப்பு எல்லாவற்றையும் எடுத்துக் கழுவி வைக்கலாம் என்று பதினான்கு பெண்கள் போயிருந்தோம். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற வேலாயுதம் அண்ணன் சமையலறையோடு சேர்ந்த ஸ்டோரின் கதவைத் திறந்தார். திறந்த மாதிரியே திரும்பவும் சாத்தினார்.

"என்னா அண்ணே?" என்று கேட்டேன்.

"நாத்தம் ஒரு மாதிரியா இருக்கு லா," என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். கறுப்பு அரிசியை மூட்டையோடு அவிழ்த்துக் கொட்டிவிட்ட மாதிரி, தரை முழுவதும் எலிப் புழுக்கை. தட்டு அடுக்கியிருந்த பலகையில், மடித்து வைத்த விரிப்புகளின் மேல், கேஸ் சிலிண்டர்த் தோம்புக்குப் பின்னால், எங்கே பார்த்தாலும் அதுதான். ஒரு பெட்டியின் மூலையில் மூத்திரம் காய்ந்து மஞ்சளாகக் கோடு போட்டிருந்தது. இரண்டு மாதமாக அந்த எலிகள் அங்கே எங்களைவிட ஒழுங்காகச் சங்கம் நடத்தியிருக்கின்றன.

டீச்சர் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். மூக்கைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டு, "வேலாயுதம், விளக்குமாறு கொண்டு வாரும். சந்திரகலா, நீர் அந்த மூலையில இருந்து கூட்டும். பத்து நிமிஷ வேலை," என்றார். சந்திரகலா அவருடைய மருமகள். போன வருடம்தான் கல்யாணம், இப்போது ஆறு மாத வயிறு. அந்தப் பெண் மாமியார் சொல்லைத் தட்டத் தெரியாதவள். சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே கால் வைக்கப் போனாள்.

"கூட்ட வேணாம் டீச்சர்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கோப்பை கழுவி கழுவி என் குரலும் அந்தத் தண்ணீரோடு போய்விட்டதோ என்னவோ. இன்னொரு தடவை சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "ஆமா ஆமா, சீக்கிரம் கூட்டிரலாம்," என்று எனக்குப் பதில் சொன்னார். அதற்குள் வேலாயுதம் அண்ணன் ஈர்க்கு விளக்குமாற்றைக் கொண்டு வந்து டீச்சரிடம் கொடுக்க, டீச்சர் அதை மருமகளிடம் நீட்ட, நடுவில் என் கை போய் அதைப் பிடித்துக்கொண்டது. நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். டீச்சர் விடவில்லை, நானும் விடவில்லை. ஒரு கணம் இரண்டு பேரும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்புறம் நான் இழுத்தேன். அது என் கைக்கு வந்துவிட்டது. நான் போய் ஸ்டோர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். என் உடம்பு அந்த வாசலுக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மார்க்கிரட், வழியை விடும்," என்றார் டீச்சர்.

"விட மாட்டேன் டீச்சர்."

"உமக்கு என்ன நடந்தது?"

"காஞ்ச புழுக்கைய கூட்டுனா தூள் பறக்கும் டீச்சர். அந்தத் தூளு அப்படியே மூக்குக்குள்ள போவும். புள்ளத்தாச்சிய அதுல நிக்க வெக்கக் கூடாது. அவள மட்டும் இல்ல, யாரையும்தான்."

"நாங்கள் என்ன எலியைக் காணாத ஆக்களோ? எத்தனை வருஷமாக் கூட்டுறம்."

அப்போதுதான் நான் அந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் எங்கள் வார்டுக்கு வந்தவர். செலாயாங் மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தூக்குகிறவர், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. வாடகை அறையில் எலி கூடு கட்டியிருந்ததாம். கையில் மூட்டைக் கயிறு அறுத்த காயம் இருந்தது. அந்தக் கையாலேயே எல்லாவற்றையும் வழித்து அள்ளிப் போட்டிருக்கிறார். பத்து நாளில் காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள், சிறுநீர் நின்றுவிட்டது. எலி மூத்திரத்திலிருந்து வந்த காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். ஆறு வாரம் கிடந்தார். அவருடைய மனைவி தினமும் பஸ்ஸில் வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். பிழைத்துக்கொண்டார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் திரும்பிப் போனபோது அவரால் ஒரு சின்னப் பையைக்கூடத் தூக்க முடியவில்லை. அந்தப் பையை நான்தான் லிப்ட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

இதைச் சொல்லி முடித்தபோது என் குரல் நன்றாகவே கேட்டது. சந்திரகலா இரண்டு அடி பின்னால் போய், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். வேலாயுதம் அண்ணன் மெதுவாக, "டீச்சர் சொன்னா டீச்சர் பக்கம், அக்கா சொன்னா அக்கா பக்கம். நான் நடுவுல எங்க நிக்கிறது?" என்றார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?" என்று கேட்டார்.

நேசம், அந்தக் கேள்விக்காக நான் பத்தொன்பது வருடம் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"மொதல்ல எல்லாரும் வெளிய போங்க," என்றேன். போனார்கள்.

சன்னலையும் கதவையும் திறந்து வைத்து, அரை மணி நேரம் காற்றோட விட்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே போக வேண்டும். வார்டில் பூட்டிக் கிடந்த அறை எதுவானாலும் எங்கள் சிஸ்டர் அப்படித்தான் சொல்லித் தந்தார். கதவு திறந்துவிட்டது, சன்னல் திறக்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு மண்டபத்துக்குச் சாயம் அடித்தவர்கள் சன்னலையும் சட்டத்தையும் சேர்த்தே அடித்துவிட்டிருக்கிறார்கள். வேலாயுதம் அண்ணன் வெளிப்பக்கமாக நின்று கடப்பாரையால் நெம்பினார். இரண்டு சன்னல் திறந்தது. மூன்றாவது சன்னல் சட்டத்தோடு கையில் வந்துவிட்டது. காற்று வர வேண்டும் என்றுதானே சொன்னேன், நன்றாக வரட்டும் என்று அதை ஓரமாகச் சாத்தி வைக்கச் சொன்னேன். அப்புறம் அவரைச் சைக்கிளில் சீனர் கடைக்கு அனுப்பினேன்: பிளீச் ஒரு போத்தல், ரப்பர் கையுறை ஆறு ஜோடி, டிஷ்யூ சுருள், குப்பைப் பை. இதைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

அரை மணி நேரம் சும்மா இருக்க டீச்சருக்குத் தெரியாது. எல்லாரையும் வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்து, அவசரக் கூட்டம் என்று அறிவித்து, செயலாளர் பெர்னடெட்டைக் குறிப்பெடுக்கச் சொன்னார். அந்தப் பெண்ணும் ஒரு பிஸ்கட் அட்டையைக் கிழித்து, '9.35: எலிப் புழுக்கை காணப்பட்டது. 9.40: திருமதி மார்க்கிரட் வழிமறித்தார்' என்று எழுதினாள். எனக்கு முன்னாலேயே வாசித்துக் காட்டினாள். அந்த நேரம் பார்த்துப் போதகர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நிரல். "என்ன, எல்லாரும் வெளிய இருக்கீங்க? ஸ்டோர் சாவி தொலைஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போகப் பார்த்தார்.

"பாஸ்டர், நில்லும்," என்றார் டீச்சர். "மார்க்கிரட் சொன்னவ, இன்னும் பதினாலு நிமிஷம் போகக் கூடாதாம்."

போதகர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் ரயில் போனது. போகிறவர்கள் சன்னல் வழியாக எங்களைப் பார்த்து, ஏதோ கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

வேலாயுதம் அண்ணன் திரும்பி வந்தபோது கையில் பிளீச் போத்தலோடு இன்னொரு பச்சைப் போத்தலும் இருந்தது. கக்கூஸ் கழுவுகிற அமிலம். "கடைக்காரத் தவுக்கே சொன்னாரு, ரெண்டயும் கலந்து ஊத்துனா பவர் ஜாஸ்தின்னு," என்றார். டீச்சருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு வாளியை இழுத்து வைத்து மூடியைத் திருகவே தொடங்கிவிட்டார். நான் ஓடிப்போய்ப் பச்சைப் போத்தலை வாங்கிச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தேன். "டீச்சர், ரெண்டயும் கலந்தா பொக வரும். அந்தப் பொகைய இழுத்தா நெஞ்சு அடச்சிரும். எங்க வார்டுல ஒரு புதுப் பொண்ணு கலந்துட்டு மயங்கி விழுந்து, அவளயே ட்ராலியில தள்ளிக்கிட்டுப் போனோம்," என்றேன். டீச்சர் மூடியை மெதுவாகத் திருகி மூடினார். "இதை ஏன் போத்தலில பெரிசா எழுதுறதில்லை?" என்று கேட்டார். நல்ல கேள்விதான்.

கையுறை இரண்டு ஜோடிதான் கிடைத்ததாம். மற்றவர்களுக்கு நான் ரொட்டிப் பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டேன். எல்லாரும் மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டோம். பால் டின்னால் அளந்து, ஒரு டின் பிளீச்சுக்கு ஒன்பது டின் தண்ணீர். சந்திரகலாவை உள்ளே விடவில்லை, வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகம் அடுக்கச் சொன்னேன். அப்போதுதான் டீச்சரை என்ன செய்வது என்ற பிரச்சினை வந்தது. இருபத்தெட்டு வருடத்தில் நான் எத்தனையோ மேட்ரன்களோடு வேலை செய்திருக்கிறேன். ஒரு மேட்ரனைச் சும்மா நிற்க விட்டால் நமக்கு வேலை ஓடாது. அதனால் ஞாயிறு பள்ளி மணியைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"டீச்சர், தண்ணிய ஊத்துனதும் அஞ்சு நிமிஷம் ஊறணும். அதுக்கு முன்னாடி யாரும் தொடக் கூடாது. நீங்க வாட்ச்ச பாத்து மணி அடிச்சாதான் தொடைப்போம்."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் நடந்ததுதான் உண்மையான வேலை. நான் முன்னால் போய், செடிக்குத் தெளிக்கிற மாதிரி மெதுவாகத் தண்ணீரை ஊற்றிப் புழுக்கையை நனைத்தேன். வேகமாக வீசி ஊற்றினால் அதுவே நாலு பக்கமும் தெறிக்கும். நனைத்ததும் எல்லாரும் வாசல் பக்கம் நின்றோம். டீச்சர் மணி அடித்தார். நான் சமையலறைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு டீச்சர்."

பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். டீச்சர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஒரு நிமிஷம்," என்றார். அந்த ஒரு நிமிடமும் நாங்கள் அசையாமல் நின்றோம். பிறகு அவர் மறுபடி மணி அடிக்க, டிஷ்யூவால் எல்லாவற்றையும் வழித்துப் பையில் போட்டு, வாய் கட்டி, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, அதையும் வாய் கட்டினோம். அடுத்த பகுதி. ஊற்று, நில், மணி, துடை, கட்டு. பதினோரு மணிக்கெல்லாம் அந்தப் பெண்கள் சொல்லாமலேயே செய்தார்கள். ஜெபத்தை நீளமாகச் சொல்கிற அந்த மூன்று பேர்தான் எல்லாரையும்விடச் சுறுசுறுப்பு. நடுவில் ஒரு தடவை டீச்சர் மணி அடிக்கிற உற்சாகத்தில் வாளி பக்கம் வந்துவிட்டதால் அவருடைய நீலச் சேலையில் நாலு இடத்தில் வெள்ளைப் பொட்டு விழுந்தது. நான் பயந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது பழசு," என்றார். அது பழசு இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், போன ஈஸ்டருக்குத்தான் முதல் தடவை உடுத்தினார்.

மேல்தட்டில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி இருந்தது. வேலாயுதம் அண்ணன் ஏணியில் ஏறி அதை அசைத்ததும் உள்ளே இருந்து ஒரு எலி பாய்ந்தது. அவர் தோளில் ஒரு மிதி, அடுப்பு மேடையில் ஒரு மிதி, அங்கிருந்து தரைக்கு. ரொட்டிப் பையும் கையுறையும் மாட்டிய அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் நாற்காலி மேல் ஏறினால் எப்படிச் சத்தம் வரும் என்று நினைத்துப் பார். எலி வாசலுக்கு ஓடியது. வாசலில் போதகர் நின்றுகொண்டிருந்தார். அவர் காலைத் தூக்கினாரா, எலி நடுவில் புகுந்ததா என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து இருக்கிறது. அது ரயில் தண்டவாளப் பக்கம் போய் மறைந்தது. பெர்னடெட் நாற்காலி மேலேயே நின்று, '11.20: எலி வெளிநடப்பு செய்தது' என்று எழுதினாள்.

அந்தப் பெட்டிக்குள்தான் கூடு இருந்தது. கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பிள்ளைகள் போடுகிற தேவதூதர் சிறகுகள், பன்னிரண்டு ஜோடி. எலிகள் பஞ்சையெல்லாம் பிய்த்து மெத்தையாக்கி, மேலேயே எல்லாம் செய்து வைத்திருந்தன. நான் அதன் மேல் தண்ணீரை ஊற்றப் போனேன், டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதை நான் தைச்சனான்," என்றார். "எழுபதில. என்ர மகனுக்கு அப்ப ஆறு வயசு. அவனுக்குத்தான் முதல் சோடி."

மணி அவர் கையில் சத்தமில்லாமல் தொங்கியது. கழுவிப் பார்க்கலாமா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைத்தார் என்று எனக்குத் தெரிந்தது. துணி என்றால் சுடுதண்ணீரில் போட்டு அலசி எடுத்திருப்பேன், மேசைவிரிப்பை அப்படித்தான் செய்தோம். இது பஞ்சு, அட்டை, பசை. "கழுவ முடியாது டீச்சர்," என்றேன். "புதுசா தைப்போம். நான் கூட வரேன்." அவர் தலையாட்டினார். நான் நனைத்தேன். அவர் வாட்ச்சைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றார். அன்றைக்கு அவர் மிகச் சரியாக அடித்த மணி அதுதான். அப்புறம் பெர்னடெட்டிடமிருந்து ரொட்டிப் பையை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டு, இரண்டாவது பையின் வாயை அவரே கட்டினார்.

மதியம் இரண்டு மணிக்கு ஸ்டோர் முடிந்தது. தரையை அதே பிளீச் தண்ணீரால் ஒரு தடவை துடைத்தோம். தட்டையும் குண்டானையும் சவர்க்காரம் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவி, கொஞ்சம் பிளீச் கலந்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் கவிழ்த்தோம். கேஸ் குழாய் போகிற இடத்தில்தான் ஓட்டை இருந்தது. வேலாயுதம் அண்ணன் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை அதில் திணித்து, மேலே சிமெந்து பூசினார். கடைசியில் கையுறையைக் கையில் இருக்கும்போதே கழுவி, அப்புறம்தான் கழற்ற வேண்டும், அதற்குப் பிறகு சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவ வேண்டும் என்று சொல்லி, எல்லாரையும் குழாய்க்கு முன்னால் வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொருவர் கையையும் திருப்பிப் பார்த்தேன். தலைமையாசிரியை குணபூசணி டீச்சர் வரிசையில் ஒன்பதாவதாக வந்து, இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். நான் பார்த்துவிட்டு, "நகத்துக்கு அடியில இன்னொரு தடவ," என்றேன். போய்க் கழுவிக்கொண்டு வந்தார். நேசம், நான் செத்தாலும் இதை மறக்க மாட்டேன்.

நேற்றுச் சாப்பாடு பிரமாதம். ஆட்டிறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய், பாயசம், எல்லாம் அந்தத் தட்டுகளில்தான். சாப்பாட்டுக்கு முன்னால் டீச்சர் எழுந்து பேசினார். எலி என்ற வார்த்தையைச் சொல்லாமல் எலியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவது சின்னத் திறமை இல்லை. கடைசியில், "இந்தச் சமையலறை இன்றைக்கு ஆஸ்பத்திரி மாதிரிச் சுத்தமாக இருக்கிறது. அதற்குக் காரணம் ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒருவர். மார்க்கிரட், இங்கே வாரும்," என்றார். நான் கோப்பைகளோடு சிங்க் பக்கம் நின்றிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். தலைமேசையில் தனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார். இத்தனை வருடத்தில் அந்த மேசைக்குப் பரிமாறியிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். சந்திரகலா எனக்குக் கறி வைத்தாள், எலும்பு இல்லாத துண்டாகப் பார்த்து வைத்தாள். கோப்பையை யார் கழுவினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் திரும்பியே பார்க்கவில்லை. உன் அத்தான் நாலாவது மேசையில் இருந்து எழுந்து நின்று, "அது என் வீட்டம்மா," என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே தங்கச்சி, இந்தப் பிரிக்பீல்ட்ஸில் எலிப் புழுக்கையை எப்படி எடுப்பது என்று இனிமேல் யாரும் என்னைக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். இந்த விஷயத்தில் உன் அக்கா சொல்வதுதான் சட்டம், ஒரு ஆள் மீற மாட்டார். உன் வீட்டிலும் அப்படி எதையாவது பார்த்தால் விளக்குமாற்றைத் தொடாதே. திறந்து விடு, நனை, பொறு, துடை, இரண்டு பையில் கட்டு, கையைக் கழுவு. உன் வீட்டுக்காரருக்கும் சொல்லி வை, ஆண்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

பிள்ளைகளைக் கர்த்தர் கண்ணின் மணி போலக் காத்து, படிப்பிலும் சுகத்திலும் குறைவில்லாமல் நடத்துவாராக. உன் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல். கருவாடு இனி வேண்டாம், நீ வந்தால் போதும்.

என்றும் உன் நலம் நாடும் அக்கா,
மார்க்கிரட் லெஸ்லி

பி.கு.: மேலே உள்ளதை எழுதி மடித்து வைத்துவிட்டுத் தபால்தலை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் உன் அத்தான் சமையலறை நடுவில் விளக்குமாற்றோடு நிற்கிறார், மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. "சிங்க் அடியில கொஞ்சம் எலிப் புழுக்கை கெடந்திச்சி மாக்கி. மூணு நாளா நீ ஒழச்சிட்ட, பாவம்னு நானே கூட்டிட்டேன். தூசிகூட இல்ல, ஃபேன் போட்டு எல்லாத்தையும் பறக்க விட்டுட்டேன்," என்றார், அவ்வளவு பாசமாக. என் சிங்க் அடியில், நேசம். விசிறியை அணைத்து, எல்லாச் சன்னலையும் திறந்து, அவரைக் குழாயடியில் குளிக்க வைத்து, வெளியே கூட்டி வந்து, முறையை முதலில் இருந்து கடைசி வரைக்கும் சொல்லிவிட்டேன். இதை வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் வைத்து எழுதுகிறேன். இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது. பக்கத்து வீட்டு லெட்சுமி வந்து ஏன் இரண்டு பேரும் வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "எலிப் புழுக்கைய சுத்தம் பண்றதுக்கு ஒரு மொற இருக்கு லெட்சுமி. சும்மா கூட்டிரக் கூடாது. மொதல்ல அர மணி நேரம் வெளிய நிக்கணும்," என்று ஆரம்பித்து, பிளீச், பால் டின், இரண்டு பை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டார். லெட்சுமி என் பக்கம் திரும்பி, "ஆன்டி, அங்கிளுக்கு எவ்ளோ விஷயம் தெரிஞ்சிருக்கு. நீங்க அவருகிட்ட கேட்டுக் கத்துக்கணும்," என்கிறாள்.